எட்வின் அப்பா அழைக்கிறார்

இங்க ஆள் வருதாம்மா? இல்லையா? அப்ப உக்காந்துக்கறேன். பையை எடுக்க வேணாம், இருக்கட்டும். எனக்கு இத்தனூண்டு இடம் போதும்.

நீ எதுக்கு வந்திருக்க? கேஒய்சியா? அது மூணாவது கவுண்ட்டர். அந்தப் பொண்ணு சாப்பிடப் போயிருக்கு, இப்ப வராது. அது வந்தாலும் சர்வர் வராது. எனக்கு இந்த பேங்க்குல எல்லாம் அத்துப்படி. இந்த மாசத்துல மட்டும் மூணாந்தடவ வர்றேன். ஒரு தடவ ஜெராக்ஸ் இல்லன்னு திரும்பிப் போயிட்டேன். இன்னொரு தடவ கூட்டமா இருந்துச்சு, போயிட்டேன். இன்னைக்கு எல்லாத்தையும் குடுத்தாச்சு. ஃபாரம், பாஸ்புக்கு, ஆதாரு, எங்க வீட்டுக்காரரு டெத் சர்ட்டிபிகேட்டு. "உங்க போனுக்கு ஒரு மெசேஜ் வரும்மா, அதுல இருக்கற நம்பரை வந்து சொல்லுங்க, மாத்திரலாம்"னாரு அந்தக் கண்ணாடி போட்ட தம்பி. அதுக்குத்தான் உக்காந்திருக்கேன். மெதுவா வரட்டும். வீட்டுல எனக்கென்ன வேலை?

அவரோட போன் நம்பரை எடுத்துட்டு என் நம்பரைப் போடணும், அவ்வளவுதான் காரியம். இதைப் போயி இத்தனை மாசமா இழுத்துக்கிட்டிருக்கேன்னு என் மகன் கத்தறான்.

அதோ பாத்தியா, செவுத்துல ஒட்டியிருக்கான். 'உங்கள் ஓடிபியை யாரிடமும் பகிராதீர்கள்.' கீழ பொடி எழுத்துல, 'வங்கி ஊழியர் கேட்டாலும் சொல்லாதீர்கள்.' இங்கேருந்தே படிக்கறேன் பாரு. கண்ணு ஆபரேஷன் பண்ணினதுலேருந்து ஊசியில நூல் கோக்கறேன் நான். அவனே சொல்லாதங்கறான், அவனே வந்து சொல்லுங்கறான். போகட்டும்.

நான் இந்த விஷயத்துல ரொம்பக் கண்டிப்பு. என் ஏடிஎம் பின் நம்பர் இருக்கே, எட்வின் பொறந்த தேதி, டிசம்பர் பன்னெண்டு, அதை இன்னைக்கு வரைக்கும் ஒரு ஆளுகிட்ட சொன்னதில்ல. நீயும் சொல்லாத. காலம் கெட்டுக் கெடக்கு.

எட்வின்தான் என் மகன். ஒரே பையன். மஸ்கட்டுல இருக்கான். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு நான் வீட்டுக்கு வர்ற நேரம் பாத்து போன் பண்ணிருவான், அதுல குறை சொல்ல முடியாது. மாத்திரை போட்டியா, கேஸை மூடினியா, கதவைப் பூட்டினியா, யாருக்கும் ஓடிபி சொல்லலியே? இதான் கேள்வி. நானும் போட்டேன், மூடினேன், பூட்டினேன், சொல்லலம்பேன். வச்சிருவான். அவனுக்கும் வேலை இருக்குல்ல.

எங்க வீட்டுக்காரரு பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்புல ஃபிட்டரா இருந்தாரு. முந்தின வருஷம் தவக்காலத்துல தவறிட்டாரு. உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டிருந்தவரு. அதை விடு, அது வேற கதை.

எங்க வீட்டுல எல்லாத்துக்கும் ஒரே நம்பருதான். அவரு நம்பரு. கேஸு, ரேஷனு, கரண்டு பில்லு, பேங்க்கு, பங்குக் கோயில் கார்டு, எங்க 'மொபைல் எண்'ணுன்னு ஒரு கட்டம் இருந்தாலும் அவரு நம்பரை எழுதிருவாரு. எனக்குன்னு எட்வின் இந்தப் போனை வாங்கிக் குடுத்தப்புறமும் அப்படித்தான். "ரெண்டு நம்பர் குடுத்தா கொழம்பிருவானுங்க ஜெசி"ம்பாரு. என் பேரு ஜெசிந்தா மேரி. அவரு போனப்புறம் குடும்பப் பென்ஷனுக்கு எழுதிக் குடுத்தேன் பாரு, அப்பக்கூட என் கை அவரு நம்பரைத்தான் எழுதுச்சு. எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச ஒரே நம்பரு அதுதாம்மா. என் நம்பரு என்னன்னு நீ கேட்டா நான் பாத்துத்தான் சொல்லணும். நமக்கு நாமளே போன் பண்ணிக்கவா போறோம்?

அவரு போனை பீரோவுல வச்சிருந்தேன். ரீசார்ஜ் பண்ணணும்டான்னேன் எட்வின்கிட்ட. "யாரும்மா பேசப் போறா அதுல? எதுக்கு வேஸ்ட்டா?"ன்னான். நியாயந்தான். நானும் விட்டுட்டேன். ஆனா அடிச்சு மட்டும் பாப்பேன் அப்பப்ப. ஸ்விட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளதுன்னு ஒரு பொண்ணு சொல்லும். சரி, ஆஃப்தான் பண்ணியிருக்கு, பீரோவுலதான இருக்குன்னு நெனச்சுக்குவேன். ஒரு நாள் அதே பொண்ணு, 'இந்த எண் உபயோகத்தில் இல்லை'ன்னுச்சு. அன்னைக்குத்தான் அவரு நெசமாவே போயிட்டாருன்னு தோணுச்சு. அடக்கத்தன்னைக்குக்கூட நான் அப்படி அழுகல. அப்புறம் அடிக்கறதை விட்டுட்டேன்.

அப்புறம் ஒரு நாள் சிலிண்டர் போடறவரு வந்து நிக்கறாரு. அதுவரைக்கும் சும்மா போட்டுட்டுப் போவாரு. அன்னைக்குன்னு, "அம்மா, போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அதைச் சொன்னாத்தான் சிலிண்டரை எறக்க முடியும், புது ரூலு"ங்கறாரு. எனக்கு ஒண்ணும் வரலப்பான்னேன். தன் போன்ல பாத்துட்டு, "இந்த நம்பருக்குப் போயிருக்கும்மா"ன்னு அவரே அந்த நம்பரைப் போட்டாரு. அது உபயோகத்துல இல்லப்பான்னு நான் வாயெடுக்கறதுக்குள்ள, "ரிங் போகுதும்மா"ங்கறாரு. அவரு ஸ்பீக்கர்ல போடறாரு, அந்தப் பக்கம் ஒரு ஆம்பளக் குரலு, "அலோ"ன்னு.

நான் கதவைப் புடிச்சுக்கிட்டேன்.

அவரு குரல் இல்ல. இருக்காதுன்னு தெரியும், தெரியாமலா. ஆனா அந்த 'அலோ'வுக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல கொஞ்சம் நேரம் இருந்துச்சு பாரு, அதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. அடுத்த வார்த்தை, "யாருங்க, சொல்லுங்க"ன்னு வந்துச்சு. கோயமுத்தூர் பக்கத்துப் பேச்சு. சிலிண்டர்காரரு விவரம் சொன்னாரு. "ஆமாங்க, வந்திருக்குங்க. என்னடா இது, நாம கேஸு புக் பண்ணலியேன்னு பாத்தனுங்க. எழுதிக்கறீங்களா?"ன்னு அந்த ஆளு ஒவ்வொரு நம்பரா சொல்றாரு. "நாலுங். சைபருங். ஏழுங். ஏழுங்." நம்பருக்குக்கூட மரியாதை குடுக்கற மனுசனை நான் அன்னைக்குத்தான் பாத்தேன்.

நல்லசிவம்னு பேரு. சங்ககிரி. லாரி ஓட்டறவரு. சேலத்துலேருந்து ஜவ்வரிசி ஏத்திக்கிட்டு மகாராஷ்ட்ரா போவாராம், வர்றப்ப நாசிக்குல வெங்காயம் ஏத்திக்கிட்டு வருவாராம். பழைய நம்பரை இப்படிப் புதுசா வாங்கறவங்களுக்குக் குடுத்திருவாங்களாமே, உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. அவரு கடையில சிம்மு வாங்கினாரு, இது வந்துச்சு. அவரு மேல தப்பில்ல.

அப்புறம் பேங்க்குல ஏதோ ஒண்ணு போடணும், நம்பர் வேணும். நானே என் போன்லேருந்து அடிச்சேன். "சொல்லுங்கம்மா"ன்னாரு. வண்டியை ஓரங்கட்டிட்டு, மெசேஜைப் பாத்து, "நாலுங், ரெண்டுங்"னு சொன்னாரு. முடிச்சுட்டு, "மறுக்காச் சொல்லட்டுங்களா?"ன்னாரு. நான் மொதத் தடவையே எழுதிட்டேன். இருந்தாலும் மறுக்காச் சொல்லுப்பான்னேன்.

என்னது, சத்தம் கேட்டுச்சா? என் பையிலேருந்தா? இருக்காதும்மா. இருந்தாலும் லோன் வேணுமான்னு எவனாவது கேப்பான். அதை அப்புறம் பாத்துக்கலாம். நான் எங்க விட்டேன்?

ம். ஒரு நாள் சாயங்காலம், வெளக்குப் போடற நேரம். அடுப்புல ரசம் வச்சிருக்கேன். கூடத்துல போன் அடிக்குது. வந்து பாக்கறேன், எட்வின் அப்பா அழைக்கிறார். ஆமாம்மா, போன்ல அப்படித்தான் போட்டு வச்சிருக்கு, எட்வின் அப்பான்னு. நான் அவரு பேரைச் சொன்னதில்லியே எப்பவும். அந்தப் பேரும், மேல அவரு போட்டோவும். வேளாங்கண்ணியில மொட்டை போட்டு, சந்தனம் பூசிக்கிட்டு, பல்லெல்லாம் தெரிய சிரிப்பாரு பாரு, அந்தப் போட்டோ. அது அடிச்சுக்கிட்டே இருக்கு. நான் எடுக்கவே இல்ல. எடுத்தா நின்னுருமேன்னு பாத்துக்கிட்டே நின்னேன். நின்னுருச்சு. மறுபடி அடிச்சுச்சு. எடுத்தேன்.

"அம்மா, நல்லசிவமுங்க. உங்க பேங்க்கு நம்பர் ஒண்ணு வந்திருக்குங்க. நீங்க கேக்கவே இல்லியே, அவசரமா இருக்கப் போகுதுன்னு நானே கூப்புட்டனுங்க."

நான் ஏதோ அமுக்கியிருக்கேன் போலிருக்கு, கை பட்டு. அதுக்காக அந்த மனுசன் சோலாப்பூர்லேருந்து கூப்புடறாரு. எனக்கு அழுகை வந்திருச்சு. என்னங்கம்மா ஆச்சுன்னாரு. ரசம் பொங்கிருச்சுப்பான்னேன்.

பேரை மாத்திரும்மான்னு எட்வின் விஷயம் தெரிஞ்சப்புறம் சொன்னான். 'லாரி டிரைவர்'னு போடுன்னான். எதுக்கு மாத்தணும்? அது அவரு நம்பருதான?

நம்பரெல்லாம் நல்லசிவத்துக்குப் போயிக்கிட்டிருந்தப்ப நான் எவ்வளவு பாதுகாப்பா இருந்தேன் தெரியுமா? ஒரு தடவ ஒருத்தன் போன் பண்றான். "மேடம், நாங்க ஹெட் ஆபீஸ்லேருந்து பேசறோம், உங்க கார்டு பிளாக் ஆகப் போகுது, இப்ப ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க"ங்கறான். பேச்சு நல்லாத்தான் இருக்கு. நான் சொன்னேன், "அது என்கிட்ட இல்லப்பா, சங்ககிரிக்காரருகிட்ட இருக்கு." "யாரு மேடம்?"ங்கறான். "லாரி டிரைவரு. இப்ப நாந்தேடு தாண்டியிருப்பாரு. டவர் கெடைக்கறப்பதான் சொல்லுவாரு, நீ சாயங்காலமா பண்ணு"ன்னேன். வச்சுட்டான் கட்டையில போறவன். இந்த போஸ்டரெல்லாம் எதுக்கு? வீட்டைப் பூட்டி சாவியை ஓடற லாரியில போட்டாச்சு, எவன் வந்து திருடுவான்? எல்லாம் வெளிய வந்தப்புறம் எட்வின்கிட்ட இதைச் சொன்னா அவன் சிரிக்கல. தலையில அடிச்சுக்கிட்ட சத்தம் மஸ்கட்டுலேருந்து கேட்டுச்சு.

நல்லசிவம் நல்ல மாதிரி. சாப்பிட்டியாப்பான்னு கேப்பேன். மொதல்ல நீங்க வாங்கன்னு பேசிக்கிட்டிருந்தேன், அப்புறம் வாப்பா போப்பான்னு வந்திருச்சு. எட்வின விட ரெண்டு மூணு வயசுதான் கூட இருக்கும். பொண்ணு ஒண்ணு படிக்குதாம். பொண்டாட்டி தறிக்குப் போகுதாம். அந்த ஊர்ல இன்னைக்கு மழை, இந்த ஊர்ல ரோடு மோசம், தாபாவுல இன்னைக்கு நம்மூர்க்காரன் சமையலு, இப்படி ஏதாவது சொல்லுவாரு. நான் மேப்புல பாத்துக்குவேன். இன்னைக்குக் கேட்டாலும் சங்ககிரியிலேருந்து நாசிக்கு வரைக்கும் ஊர் பேரெல்லாம் வரிசையாச் சொல்லுவேன். மஸ்கட்டுல எட்வின் இருக்கற தெரு பேரு எனக்குத் தெரியாது.

என்ன, மாசம் பூரா ஓடிபி வேணுமா என்ன? கேஸு ரெண்டு மாசத்துக்கு ஒண்ணு. தனி ஆளுக்கு அதுவே தீராது. பேங்க்குலயும் எனக்குப் பெருசா சோலி இல்ல. சும்மா போன் பண்ணிப் பேசலாந்தான். ஆனா முறை இல்லியே. ஒரு காரணம் இல்லாம, ஒட்டு இல்ல ஒறவு இல்ல, குடும்பஸ்தன், ஓட்டிக்கிட்டிருக்கற மனுசனை எப்படிக் கூப்புடறது? அதனால இந்தப் போன்ல பேங்க்கு பக்கத்தைத் தெறந்தா 'கடவுச்சொல் மறந்துவிட்டதா?'ன்னு ஒண்ணு இருக்கும் பாரு, அதை அமுக்குவேன். அமுக்கினா நம்பர் அங்க போயிரும். கொஞ்ச நேரத்துல எட்வின் அப்பா அழைக்கிறார். "அம்மா, வந்திருக்குங்க, எழுதிக்கறீங்களா?" எழுதிக்குவேன். மறுக்காச் சொல்லுவாரு. அப்படியே, எங்கப்பா இருக்க, சாப்பிட்டியா. அவ்வளவுதான். இதுல யாருக்கு என்ன நஷ்டம்? என் கணக்கு, என் கடவுச்சொல்லு. மறந்துச்சா மறக்கலியான்னு நான்தான் சொல்லணும்.

ஐப்பசியில அங்க பெருமழை. டிவியில காட்டறான், நெடுஞ்சாலையில லாரியெல்லாம் முங்கி நிக்குது. நல்லசிவம் அந்தப் பக்கந்தான் போயிருந்தாரு. அடிச்சா எடுக்கல. சரி, மெசேஜாவது போகட்டும், பாத்தாருன்னா கூப்புடுவாருன்னு அமுக்கினேன். கூப்புடல. மறுபடி அமுக்கினேன். அன்னைக்குப் பூரா செபமாலை ஒரு கையி, போன் ஒரு கையி. மறுநாளும் அப்படித்தான். பக்கமே தெறக்கல அப்புறம். 'உங்கள் கணக்கு தற்காலிகமாக முடக்கப்பட்டுள்ளது'ன்னு வருது. என்னமோ பேங்க்குலயும் வெள்ளம் போலிருக்குன்னு நெனச்சேன்.

அந்த மனுசனுக்கு ஒண்ணும் ஆகல. டவர் இல்லாம நின்னிருக்காரு, அவ்வளவுதான். ஆனா இங்க என்ன ஆச்சுன்னா, பேங்க்குல எழுதிக் குடுத்திருந்த எட்வின் ஈமெயிலுக்கு அங்கேருந்து போயிருக்கு. உங்கள் தாயாரின் கணக்கை யாரோ தொடர்ந்து உடைக்கப் பாக்கறாங்கன்னு. நடுப்பகல்ல கூப்புடறான், ஞாயித்துக்கிழமைகூட இல்ல, அவ்வளவு பதட்டம். யாரும்மா அந்த நம்பரை வச்சிருக்கறதுன்னான். சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன், சிலிண்டர் வந்ததுலேருந்து. நான் அமுக்கினதைச் சொல்லல, அவன் அதைக் கேக்கவும் இல்ல. "அப்பா நம்பரை வச்சுக்கிட்டு உன்கிட்ட ஒருத்தன் இத்தனை நாளா பேசியிருக்கான், நீ என்கிட்ட சொல்லவே இல்ல"ன்னான். நீ கேக்கற கேள்வியில அது இல்லியேடான்னேன்.

அவன் நல்லசிவத்துக்குப் போன் போட்டு என்ன பேசினான்னு தெரியல. அங்கேருந்தே கம்ப்யூட்டர்ல சைபர் க்ரைமுக்குப் புகார் குடுத்துட்டான். சங்ககிரி ஸ்டேஷன்லேருந்து நல்லசிவத்தைக் கூப்புட்டிருக்காங்க. வெங்காயத்தோட வந்தவரை அப்படியே. லோடு எறக்க நேரமாயிப் பாதி அழுகிப் போச்சாம். ஓனரு, "இந்த வழக்கு முடியற வரைக்கும் நீ தூரம் போற லைன் வண்டியில ஏறாத"ன்னுட்டாராம். இப்ப உள்ளூர்ல மணல் வண்டி, செங்கல் வண்டி ஓட்டிக்கிட்டிருக்காரு. நான் என்ன நெனக்கறேன்னா, ஒரு வகையில நல்லதுதான். பொண்டாட்டி புள்ளையோட வீட்டுச் சோறு சாப்பிடலாம். எல்லாருக்குமா குடுத்து வச்சிருக்கு?

ஆனா அந்தத் திருடன் யாருன்னு இன்னும் கண்டுபுடிக்கலம்மா. அதான் எனக்கு ஆத்திரம். விடாம என் கணக்கை உடைக்கப் பாத்தவன் ஒருத்தன் இருக்கான்ல? அவனை விட்டுட்டு ஜவ்வரிசி ஏத்தறவரைப் புடிச்சு உக்கார வச்சிருக்காங்க. என்ன பாக்கற? நான் அமுக்கினதா? அது எப்படிம்மா, என் வீட்டுக் கதவை நானே தட்டினா அது திருட்டா? நான் அமுக்கினது நல்லசிவத்துக்கு. பேங்க்குக்கு இல்ல.

அவரும் இதையேதான் கேட்டாரு. ரொம்ப நாளைக்கப்புறம் போனை எடுத்தாரு, நான் விடாம அடிச்சதுல. குரல் எறங்கிப் போயிருந்துச்சு. "அம்மா, கோவிச்சுக்காதீங்க. நானு அவ்வளவாப் படிக்காதவனுங்க. ஸ்டேஷன்ல உக்கார வச்சு, எந்தக் கூட்டத்தைச் சேந்தவன்டான்னு கேட்டாங்க. எம் பொண்ணு வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்துச்சுங்க. அந்த மெசேஜெல்லாம் நீங்க அமுக்குனதுதானுங்களே? அதை மட்டும் உங்க பையன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லீருங்கம்மா."

எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. இத்தனை நாள் பழகிட்டு, என்னைச் சொல்லச் சொல்றாரு பாரு. நான் எப்படிம்மா சொல்லுவேன்? எட்வின் என்ன நெனப்பான்? அம்மாவுக்கு மண்டை கொழம்பிருச்சும்பான். ஃபிளாட்டை வித்துட்டுக் கொண்டு போயி எங்கயாவது ஹோமுல விட்டுருவான், ஏற்கெனவே ஒண்ணைப் பாத்து வச்சிருக்கான், படமெல்லாம் அனுப்பினான். எல்லாரும் வரிசையா நாற்காலியில உக்காந்திருக்காங்க. ஒருத்தரும் ஒருத்தர்கூடவும் பேசல அந்தப் படத்துல. அதுக்கு நான் ஒத்தையாவே இருந்துக்குவேன். அதான், பாக்கறேன்ப்பான்னு மட்டும் சொன்னேன்.

அப்புறம் கொஞ்ச நாள் கழிச்சு அவரே கூப்புட்டாரு. இன்ஸ்பெக்டரு சொன்னாராம், அந்தம்மா பேங்க்குல நம்பரை மாத்திட்டாங்கன்னா உன் மேல ஒண்ணும் வராம முடிச்சுரலாம்னு. "அது போதுங்கம்மா. நீங்க யாருகிட்டயும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். நம்பரை மட்டும் மாத்தீருங்க"ன்னாரு. சரிப்பான்னேன். சொல்லி ஒரு மாசம் ஆச்சு. நான் என்ன மாட்டேன்னா சொன்னேன்? ஜெராக்ஸ் இல்ல, கூட்டம், நான் என்ன பண்றது?

இன்னைக்குக் காலையில, மூஞ்சி கழுவிக்கிட்டிருக்கேன், எட்வின் அப்பா அழைக்கிறார். நான் ஒண்ணும் அமுக்கல. அவரா கூப்புடறாரு. ஓடிவந்து எடுத்தேன். "இன்னிக்காச்சும் போயிருங்கம்மா. மாத்துனதும் எனக்கொரு மெசேஜ் வருமாமுங்க. அது வந்ததும் இந்தச் சிம்மை ஒடைச்சுப் போட்டுட்டு வேற வாங்கிக்கறனுங்க. வீட்டுல பயப்படறாங்க." புது நம்பரைக் குடுப்பியாப்பான்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "நீங்க நல்லா இருங்கம்மா"ன்னு வச்சுட்டாரு.

நீங்க நல்லா இருங்கம்மா. இவ்வளவுதான். அவரு ஒண்ணும் கோவமாச் சொல்லல. ஆனா எனக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு. நீ பாட்டுக்கு என்னடா இந்தப் பொம்பள வந்து ஒக்காந்து பொலம்புதேன்னு நெனச்சுக்காத. நீ நல்லாக் காது குடுக்கற. இப்பல்லாம் யாரு குடுக்கறா?

இரு, அந்தத் தம்பி என்னமோ சொல்றாரு. என்னப்பா? இல்லப்பா, இன்னும் வரல! ரொம்ப நேரத்துக்கு முன்னாடியே அனுப்பிட்டீங்களா? தெரியலியே. டைம் முடிஞ்சிருச்சா? அடடா. சர்வரு ஏதாவது இருக்கும்ப்பா. நாளைக்கு வேணா வரட்டுமா? இல்லியா? மறுபடி இப்பவே அனுப்பறீங்களா? சரி. சரி, அனுப்புங்க. நல்லசிவமும் பாவம், வெங்காய லோடுக்கு எத்தனை நாளைக்குப் போகாம இருப்பாரு.

வந்திருச்சு. இந்தத் தடவ எனக்கும் கேட்டுச்சு.

பாத்தியாம்மா, என் போனுக்கே வந்திருச்சு. இனிமே யாருகிட்டயும் கேக்க வேண்டியதில்ல. எல்லாம் என் கைக்கே வந்துரும், எட்வினும் நிம்மதியாத் தூங்குவான்.

இந்தா, இதைக் கொஞ்சம் புடி. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. நீ படிச்சுச் சொல்லேன். யாரிடமும் பகிர வேண்டாம்னு போட்டிருக்கா? அது எல்லாத்துலயும் போடுவான், நீ அதை விடு. நம்பரை மட்டும் படி. இங்கிலீஷ்ல வேணாம், தமிழ்ல சொல்லு. ஒவ்வொண்ணாச் சொல்லு, அவசரமில்ல, பத்து நிமிஷம் டைம் குடுப்பான். அஞ்சு. ம். மூணு. ம். சைபரு. ம்.

ம், எழுதிட்டேன். எல்லாத்தையும் எழுதிட்டேன்.

மறுக்காச் சொல்லும்மா.